வட்டப்பாறையில் ஒரு வெள்ளிக்கிழமை

விழுப்புரம் பஸ் நிலையத்தில் அன்று காலை எனக்கு ஒரு சின்ன வெட்கம் நேர்ந்தது. திருவாமாத்தூர் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் எல்லோருக்கும் மளமளவென்று காசில்லாத சீட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். நானும் பழக்க தோஷத்தில் கையை நீட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க காசு குடுக்கணும் சார்!" என்றார். பஸ் முழுவதும் 'கொல்'லென்று சிரித்தது. அப்புறந்தான் சுற்றிலும் பார்த்தேன். நாலைந்து கிழவர்களையும் என்னையும் தவிர, அத்தனை பேரும் பெண்கள்! சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021-ல் தமிழ்நாட்டில் உத்தரவு வந்ததல்லவா? அதன் பலனை நேரில் பார்க்க வேண்டுமானால், மார்கழி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் கோயிலுக்குப் போகும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள்.

எனக்கு முன் ஸீட்டில் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பூக்கூடை. அதில் நெய் விளக்குக்கு வேண்டிய சாமான்கள். திரும்பிப் பார்த்து, "வெளியூரா தம்பி?" என்று கேட்டார்.

"ஆமாம் அம்மா. ஊர் ஊராகத் திருவிழா பார்த்து எழுத வந்திருக்கிறேன்."

"திருவாமாத்தூர்லே இன்னிக்குத் திருவிழா எதுவும் இல்லியே!"

"கோயிலைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான்."

"பாருங்க, பாருங்க. ஆனா வட்டப்பாறைக்கிட்டே மட்டும் வாயைத் தெறந்து ஒண்ணும் சொல்லிடாதீங்க. பத்திரிகைக்காரர் வேறே!" என்றாரே பார்க்கலாம்! இரண்டாம் தடவையாக பஸ் சிரித்தது.

எதிரும் புதிருமாக இரு கோயில்கள்

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் பாதையில் சென்று சற்றே ஒதுங்கினால் திருவாமாத்தூர். ஆறேழு கிலோமீட்டர்தான் இருக்கும். பக்கத்தில் பம்பை ஆறு. ஞானசம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவருமே பாடிய நடுநாட்டுத் தலம் இது.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படும் விசேஷம் ஒன்றைச் சொல்கிறேன். பெரும்பாலான சிவன் கோயில்களில் அம்மன் சந்நிதி ஸ்வாமியின் கோயிலுக்குள்ளேயே ஒரு பக்கமாக இருக்கும். இங்கே அப்படியில்லை. அபிராமேசுவரர் கோயில் கிழக்கே பார்த்திருக்கிறது. முத்தாம்பிகை கோயில் தனியாக மேற்கே பார்த்திருக்கிறது. நடுவில் தெரு. ஸ்வாமியும் அம்மனும் அவரவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பேசிக்கொண்டிருப்பது போலத் தோன்றும். "இது நல்ல ஏற்பாடாக இருக்கிறதே!" என்று நம் சகோதரிகளில் சிலர் நினைக்கக்கூடும்.

ஆமாத்தூர் என்ற பெயரிலேயே 'ஆ', அதாவது பசு, இருக்கிறது. ஆதியில் பசுக்களுக்குக் கொம்பு கிடையாதாம். மற்ற மிருகங்களிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ள வழியில்லாமல் தவித்த பசுக்கள் இந்தத் தலத்துக்கு வந்து தவம் செய்து கொம்பு பெற்றன என்பது ஐதீகம். லிங்கத்தின் மேல் பசுவின் குளம்புச் சுவடு இருப்பதாகச் சொல்கிறார்கள். சாதுவான பிராணிக்கும் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கொம்பு வேண்டும் என்று ஸ்வாமியே சம்மதித்த ஊர் இது என்று எனக்குத் தோன்றியது.

பிருங்கி முனிவரின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிவனை மட்டுந்தான் வலம் வருவேன், தேவியை வணங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். தேவியின் சாபத்தால் வன்னி மரமாகிப் போன அவருக்கு இங்கேதான் விமோசனம் கிடைத்தது என்று தல புராணம் கூறுகிறது. பெண் தெய்வத்தை அலட்சியம் செய்தவர் அவள் வாசலுக்கே வந்துதான் மீள வேண்டியிருந்தது!

இன்னொரு கதை இன்னும் ருசியானது. இரட்டைப் புலவர்கள் என்று இருவர் இருந்தார்கள். ஒருவருக்குக் கண் தெரியாது; ஒருவருக்குக் கால் கிடையாது. கால் இல்லாதவரைக் கண் இல்லாதவர் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடுவார்கள். அவர்கள் இந்த ஊரின் மேல் ஒரு கலம்பகம் பாடினார்கள். பாடும்போது கோயில் ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதை மாற்றிச் சொல்லிவிட்டார்களாம். சபையில் இருந்தவர்கள் தவறு என்றார்கள். புலவர்களோ, "அம்மையும் அப்பனும் பாட வைத்தபடி பாடினோம்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்கள். இரவில் பெருமழை பிடித்தது. பொழுது விடிந்து பார்த்தால், ஆறு தடம் மாறிக் கோயிலுக்கு மறுபுறமாக ஓடிக்கொண்டிருந்ததாம்!

வாக்குக்காக ஆறே இடம் மாறிய ஊர் என்று பெயர் வாங்கியதாலோ என்னவோ, வாக்கில் வல்லவர் ஒருவர் பிற்காலத்தில் இங்கேயே வந்து தங்கிவிட்டார். லட்சக் கணக்கில் பாடல்கள் பாடியவர் என்று போற்றப்படும் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள்தான் அவர். திருநெல்வேலியில் 1839-ல் பிறந்து, தமிழ்நாடு முழுவதும் சுற்றிய அந்த முருகனடியார், திருவாமாத்தூரில் கௌமார மடத்தை அமைத்து, 1898-ல் இங்கேயே சமாதியடைந்தார். இன்றும் அந்தச் சமாதியைத் தரிசிக்க வருகிறவர்கள் உண்டு.

அண்ணன் தம்பி வழக்கு

சரி, வட்டப்பாறைக்கு வருவோம். என் முன் ஸீட்டு அம்மாள் எச்சரித்த அதே வட்டப்பாறைதான். சத்தியம் செய்யும் கல் அது. கோர்ட்டும் கச்சேரியும் வருவதற்கு முன்னாலிருந்தே இந்தப் பக்கத்து ஜனங்கள் கொடுக்கல் வாங்கல் தகராறுகளுக்கு இங்கே வந்து சத்தியம் செய்வது வழக்கமாம். பொய்ச் சத்தியம் செய்தவனைப் பாம்பு தீண்டும் என்பது நம்பிக்கை.

அதற்கும் ஒரு கதை. ஓர் அண்ணன், தம்பிக்குச் சேர வேண்டிய பணத்தை எடுத்துக்கொண்டான். தம்பி கேட்டதற்கு, "எப்போதோ கொடுத்துவிட்டேனே!" என்று சாதித்தான். வழக்கு வட்டப்பாறைக்கு வந்தது. அண்ணன் பலே ஆசாமி. ஒரு கைத்தடியைக் குடைந்து பணத்தை அதற்குள்ளே அடைத்துக்கொண்டு வந்தான். சத்தியம் செய்யும் சமயத்தில், "இந்தத் தடியைக் கொஞ்சம் பிடித்துக்கொள், தம்பி" என்று கொடுத்தான். பாறையின் மேல் கையை வைத்தான். "தம்பியின் பணம் என்னிடம் இல்லை, அவன் கையிலேயே இருக்கிறது" என்றான். எழுத்துக்கு எழுத்து உண்மை! பாறை சும்மா இருந்தது. தடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினான். கொஞ்ச தூரம் போனதும் கர்வம் பொங்கிற்று. "வட்டப்பாறையாவது, சத்தியமாவது!" என்று சிரித்தான். தும்பூர் அருகே நாகம் தீண்டிற்று என்று கதை முடிகிறது.

அந்த அம்மாள் நெய் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, பாறையைப் பார்த்தபடி வெகு நேரம் நின்றுகொண்டிருந்தார். உதடு அசையவில்லை. பிறகு பிராகாரத்தில் வந்து உட்கார்ந்தார். நானும் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன்.

"எனக்கும் ஒரு அண்ணன் இருக்காரு தம்பி" என்று அவராகவே ஆரம்பித்தார்.

அப்பா விட்டுப்போன நிலத்தை விற்கிற சமயத்தில், அண்ணன் வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டாராம். "உன் பங்குப் பணத்தை அறுவடைக்குள்ளே குடுத்துடறேன்" என்று வாயால் சொன்னாராம். கூடப் பிறந்தவரிடம் சாட்சி வைத்துக்கொண்டா கையெழுத்துப் போடுவார்கள்? போட்டுக் கொடுத்தார். அறுவடை வந்தது, போயிற்று. பணம் வரவில்லை. இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பேச்சு எழுந்தபோது, "அதெல்லாம் அப்பவே குடுத்தாச்சே!" என்று அண்ணன் நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டாராம்.

நேயர்களே, பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பிள்ளையைப் போலப் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் திருத்தப்பட்டது. இந்தியா முழுவதற்கும் 2005-ல் அந்த உரிமை வந்தது. ஆனால் சட்டம் கொடுத்த பங்கை ஒரு கையெழுத்தால் விட்டுக்கொடுக்கிற பெண்கள் எத்தனை பேர்! பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுப் போகுமே என்கிற பயம் ஒன்று போதாதா? வெறும் கையெழுத்து மட்டும் இருந்து, பணம் கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் சாட்சி இல்லாமல் போனால், வக்கீல் என்ன செய்வார்? இந்தக் கல்லைத் தவிர வேறு யாரைக் கேட்பது?

"அவரை இங்கே அழைத்து வந்து சத்தியம் கேட்கலாமே, அம்மா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் கோபமும் கொஞ்சம் பரிதாபமும் இருந்தன.

"கேட்டா வருவாரு. வந்து கையை வெச்சுப் பொய்யும் சொல்லிடுவாரு. அதுக்கப்புறம்? அவரு பேரன் பேத்திங்க இருக்குதே! நாளைக்கு அதுங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட, நான் கேட்ட சத்தியத்தாலேதான்னு எனக்குத் தூக்கம் வருமா? அதனாலே வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நானே வரேன். அம்மாகிட்டே, 'நடந்தது உனக்குத் தெரியும். அவரை ஒண்ணும் பண்ணிடாதே'ன்னு சொல்லிட்டுப் போறேன்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பொய் சொன்னவனைப் பிடிப்பதற்காக ஏற்பட்ட கல்லின் முன்னால், பொய் சொன்னவனுக்காகவே விளக்கு ஏற்றுகிற ஒரு மனுஷியை அன்றுதான் பார்த்தேன்.

புறப்படும்போது, "திருவிழா பார்க்கணும்னா தை அஞ்சாந் தேதி ஆத்துக்கு வாங்க தம்பி. பிடாகம் குச்சிப்பாளையத்திலே நானும் இருப்பேன்" என்று அழைத்தார்.

அழுவதற்கும் ஒரு திருநாள்

தை மாதத்துக்கு நாள் இருந்தது. அதற்குள் இந்தச் சீமையில் வருஷம் முழுவதும் நடக்கிற விழாக்களைப் பற்றி விசாரித்தேன். விசாரிக்க விசாரிக்க ஆச்சரியமாக இருந்தது. திருவிழா என்றால் நாம் என்ன நினைக்கிறோம்? வாண வேடிக்கை, வளையல் கடை, பஞ்சு மிட்டாய்! இங்கேயும் அவையெல்லாம் உண்டு. ஆனால் முக்கியமான விழாக்களின் நடுவில் போய்ப் பார்த்தால் ஒரு பெண்ணின் கண்ணீரோ, கோபமோ இருக்கிறது.

செஞ்சிச் சீமை முழுவதும் திரௌபதி அம்மன் கோயில்கள். அங்கே பகலில் பாரதப் பிரசங்கம். இரவில் விடிய விடியத் தெருக்கூத்து. கடைசி நாளில் துரியோதனனைத் தரையில் மண்ணால் மிகப் பெரிய உருவமாகப் படுக்க வைத்திருப்பார்கள். படுகளம் என்று அதற்குப் பெயர். சபையில் மானபங்கம் செய்யப்பட்ட அன்று விரித்த கூந்தலை, துரியோதனன் விழுந்த பிறகு பாஞ்சாலி அங்கேதான் முடிகிறாள். அன்று மாலை தீமிதி. ஒரு பெண்ணுக்கு இழைத்த அநீதி தீரும் வரையில் ஊர் காத்திருந்து, அது தீர்ந்த பிறகே நெருப்பில் இறங்குகிறது!

செஞ்சிக்கு அப்பால் மேல்மலையனூரில் அங்காளம்மன். மாசி மாதத்து அமாவாசையில் மயானக் கொள்ளை. பிரம்மாவின் தலையைக் கிள்ளிய தோஷத்தால் சிவபெருமான் கையில் கபாலம் ஒட்டிக்கொண்டது; இடுகிற பிச்சையையெல்லாம் அந்தக் கபாலமே விழுங்கிற்று. அம்மன் சுடுகாட்டில் அன்னத்தை வாரி இறைத்தாள். அதைத் தின்னக் கபாலம் கீழே இறங்கியபோது காலால் மிதித்து அழுத்திவிட்டாள். கணவன் பட்ட கஷ்டத்தைச் சோற்றைக் கொண்டே தீர்த்த மனைவி! அந்த ஐதீகத்தை நினைத்து இன்றும் ஜனங்கள் தானியங்களையும் காய்கறிகளையும் சோற்றையும் மயானத்தில் கொண்டு போய்க் குவித்து இறைக்கிறார்கள். அதிலே ஒரு பிடி கிடைத்தால் வயலில் தூவுகிறார்கள். விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. மற்ற நாட்களில் பெண்கள் சுடுகாட்டுப் பக்கம் போகக்கூடாது என்று சொல்கிற அதே ஊர்களில், அன்று பெண் தெய்வமே அங்கே புறப்பட்டுப் போகிறாள்.

எல்லாவற்றிலும் என் நெஞ்சைத் தொட்டது கூவாகம். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்தில் உள்ள சிறு கிராமம் அது. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து போயிற்று. ஆனாலும் விழாவுக்கு வருகிறவர்கள் விழுப்புரத்தில்தான் ஏராளமாக வந்து இறங்குகிறார்கள். பாரத யுத்தம் ஜெயிக்க வேண்டுமானால் சகல லட்சணமும் பொருந்திய ஒருவனைக் களப்பலி கொடுக்க வேண்டும். அர்ச்சுனனுக்கும் நாக கன்னிகைக்கும் பிறந்த அரவான் சம்மதித்தான். சாவதற்கு முன் ஒருத்தியை மணக்க வேண்டும் என்று மட்டும் வரம் கேட்டான். மறுநாள் விதவையாகப் போவதற்கு எந்தப் பெண் இசைவாள்? கண்ணனே மோகினியாக வந்தார். அந்த மோகினியாகத் தங்களைப் பாவித்துக்கொள்ளும் திருநங்கைகள், சித்திரைப் பௌர்ணமி இரவில் கூத்தாண்டவர் கோயில் பூசாரியின் கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். இரவு முழுவதும் ஆட்டமும் பாட்டும் கும்மியும். மறுநாள் அரவான் பலியாகிறான். தாலி அறுபடுகிறது, வளையல்கள் உடைகின்றன. பூவும் பொட்டும் போய், வெள்ளைப் புடைவை வருகிறது. கூட்டம் கூட்டமாக மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள்.

"அந்த அழுகை அரவானுக்காக மட்டுமா?" என்று வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெற்ற தாய் வாசலில் சேர்க்காததற்கும், தெருவில் போனவன் ஏசியதற்கும், வேலை கேட்ட இடத்தில் கதவைச் சாத்தியதற்கும் சேர்த்து அந்த ஒரு நாளில் அழுது தீர்க்கிறார்கள். தமிழ்நாட்டில் 2008 ஏப்ரல் 15-ல் அவர்களுக்கென்று நல வாரியம் ஏற்பட்டது. சரியாக ஆறு வருஷம் கழித்து, 2014-ல் அதே ஏப்ரல் 15-ல், அவர்களை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்துச் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. சர்க்காரும் கோர்ட்டும் காது கொடுப்பதற்கு எத்தனையோ காலம் முன்னாலிருந்தே, அவர்களுக்கு அழ ஓர் இடம் கொடுத்திருந்தது இந்தக் குக்கிராமம்.

கடலுக்கு அப்பாலும் ஒரு கூவாகம்

இது நம் சீமைக்கு மட்டுமே உரிய விசித்திரமா என்று யோசித்தபோது, தென் அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் கொலம்பியா நினைவுக்கு வந்தது. அங்கே மக்தலேனா நதி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே பாரன்கீயா என்று ஒரு நகரம். கிறிஸ்தவர்களின் தவக்காலம் விபூதிப் புதன் அன்று தொடங்குகிறதல்லவா? அதற்கு முந்திய நாலு நாட்கள் அந்த நகரத்தில் ஒரே கோலாகலம். முகமூடிகளும் மேளங்களும் நடனங்களும் தெருவை அடைத்துக்கொள்ளும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக வந்தவர்களின் தாளமும், அந்த மண்ணின் பூர்வ குடிகளின் குழலும், ஸ்பெயின்காரர்களின் உடையும் அதில் கலந்திருக்கின்றன. உலகம் காத்து வைக்க வேண்டிய கலைச் செல்வங்களில் ஒன்று என்று யுனெஸ்கோ ஸ்தாபனம் அந்தத் திருவிழாவை 2003-ல் அறிவித்தது.

அதன் கடைசி நாளைக் கேளுங்கள். திருவிழாவே ஹோசெலீத்தோ என்ற ஒரு மனிதனாக உருவெடுத்துச் செத்துப்போகிறது! அவனுடைய பொம்மையைப் பாடையில் வைத்துத் தெருத் தெருவாகத் தூக்கிப் போகிறார்கள். பின்னால் கறுப்பு உடை உடுத்திய 'விதவைகள்' கூட்டமாக ஓலமிட்டுக்கொண்டு போகிறார்கள். அந்த விதவைகளில் பெண் வேஷம் பூண்ட ஆண்களும் உண்டு. அங்கே அழுகையில் பாதி சிரிப்பு. கூவாகத்தில் சிரித்த இரவுக்குப் பின்னால் முழு அழுகை. ஆயினும், கொண்டாடி முடித்ததும் ஒருவனுக்காக எல்லோரும் கூடி ஒப்பாரி வைக்க வேண்டும் என்று இரண்டு இடத்து ஜனங்களுக்கும் தோன்றியிருக்கிறதே!

அதே கொலம்பியாவில் டிசம்பர் 7-ந் தேதி இரவு வீட்டு வாசலிலும் ஜன்னலிலும் நடைபாதையிலும் வரிசை வரிசையாக மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். தேவமாதாவுக்காக ஏற்றும் விளக்கு அது. நம் கார்த்திகை தீபமும் பெரும்பாலும் அதை ஒட்டியே வருகிறது. அங்கே உள்ள தாய்மார்களும் வாசலில் குனிந்து விளக்கு வைத்து, மனத்துக்குள் எதையோ வேண்டிக்கொள்வார்கள். திருவாமாத்தூர் அம்மாள் வேண்டிக்கொண்டதைப் போன்ற வேண்டுதல் அங்கேயும் சில இருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஐந்தாம் நாள் ஆற்றங்கரையில்

தை பிறந்தது. பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் எல்லாம் முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "அப்பாடா!" என்று நீங்கள் உட்காருகிற நேரத்தில் தென்பெண்ணைக் கரை ஊர்களில் இன்னொரு பண்டிகை ஆரம்பமாகிறது. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா. சுற்றுப்புற ஊர்களின் தெய்வங்களெல்லாம் வாகனங்களில் புறப்பட்டு ஆற்றுக்கு வந்துவிடுகின்றன. தீர்த்தவாரி. திருவண்ணாமலை அண்ணாமலையாரே அன்று மணலூர்பேட்டை வரையில் வந்து தென்பெண்ணையில் நீராடுகிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

நான் குச்சிப்பாளையத்தில் இறங்கியபோது நல்ல வெயில். மணலில் கால் வைக்க இடமில்லை. ஒரு பக்கம் மேளம். ஒரு பக்கம் ராட்டினம். குழந்தைகள் தண்ணீரைக் கண்டுவிட்டால் கேட்க வேண்டுமா? உடுத்திய புதுச் சட்டையோடு இறங்கிவிட்டன. கரை நெடுகக் கரும்பும் பொரியும் பலூனும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கிழங்குக் கடைகள்! சுருளிக் கிழங்கும் சிறுவள்ளிக் கிழங்கும் மலை மலையாகக் குவிந்து கிடந்தன. இந்தத் திருவிழாவுக்கு வந்துவிட்டுக் கிழங்கு வாங்காமல் வீடு திரும்பினால், போனதாகவே கணக்கில்லையாம். மண்ணைப் போகக் கழுவி, உப்புப் போட்டு வேக வைத்து, தோலை உரித்துத் தின்ன வேண்டும். மண்ணின் மணமும் லேசான தித்திப்பும் சேர்ந்திருக்கும்.

ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பக்கத்தில் நின்றவர்கள் வெள்ளத்தின் கதையைச் சொன்னார்கள். 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் இந்த ஜில்லாவைப் புரட்டிப் போட்டுவிட்டது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை! அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரையை மீறிற்று. "வருஷா வருஷம் நாங்க ஆத்துக்கு வருவோம். அந்த வருஷம் ஆறு எங்க வூட்டுக்கு வந்திடுச்சு" என்றாள் ஒரு பெண். அப்படிச் செய்த ஆற்றுக்கும் இவர்கள் மஞ்சள் குங்குமம் இட்டுக் கற்பூரம் காட்டுகிறார்கள். மன்னிப்பதில் இந்த ஊர்ப் பெண்களை யாரும் மிஞ்ச முடியாது போலும்!

கூட்டத்தில் என் திருவாமாத்தூர் அம்மாளைத் தேடினேன். ஒரு கிழங்குக் கடை அருகே அவரே என்னைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டார். கையில் ஒரு பெரிய துணிப்பை. முகத்தில் என்றுமில்லாத ஒரு மலர்ச்சி.

"சின்ன வயசிலே எங்க அண்ணன் என்னைத் தோள் மேலே தூக்கிக்கிட்டு இங்கே வருவாரு, தம்பி. கல்யாணம் ஆன பிறகும் வருஷம் தவறாம ஆத்துக் கிழங்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டாந்து குடுப்பாரு. அந்தப் பணத் தகராறு வந்ததிலேருந்து நின்னு போச்சு. போன வருஷம் நான் மனசு கேக்காம கிழங்கு வாங்கி, அவரு பேரன்கிட்டே குடுத்து அனுப்பிச்சேன். பதில் ஒண்ணும் வரல்லே."

"இந்த வருஷம்?"

பையை லேசாகத் திறந்து காட்டினார். இரண்டு மூன்று கிலோ சுருளிக் கிழங்கு.

"கொஞ்ச நேரம் முன்னே வந்தாரு. எம் முகத்தைப் பார்க்கல்லே. 'இந்தா'ன்னு பையைக் கையிலே வெச்சுட்டுப் போயிட்டாரு. தலை நல்லா நரைச்சுப் போச்சு அவருக்கு."

"பணத்தைப் பற்றி ஏதாவது சொன்னாரா அம்மா?"

அந்த அம்மாள் சிரித்தார்.

"பணம் வரல்லே தம்பி. கிழங்கு வந்திருக்குது."

நேயர்களே, கிழங்கு நிலத்தின் பங்குக்கு ஈடாகாது. அது எனக்கும் தெரியும். அந்த அம்மாளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவருக்கு வர வேண்டியது இன்னமும் வரவேண்டியதுதான். உங்கள் முன்னால் யாராவது ஒரு பத்திரத்தை நீட்டினால், கூடப் பிறந்தவரே ஆனாலும், படித்துப் பார்த்து, பணத்துக்கு எழுத்து வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள். பசுவுக்கே கொம்பு வேண்டும் என்று சொன்ன ஊரிலிருந்து நான் கொண்டு வந்த செய்தி அதுதான்.

ஆனால் அன்று மாலை, தீர்த்தவாரி முடிந்து தெய்வங்கள் தத்தம் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அந்த அம்மாள் கரையேறிப் போனதைப் பார்த்தேன். வட்டப்பாறையில் கேட்காத சத்தியத்துக்கு ஆற்றங்கரையில் பாதிப் பதில் கிடைத்த மாதிரி இருந்தது அவர் நடை. மீதிப் பாதியையும் முத்தாம்பிகை பார்த்துக்கொள்வாள் என்று அவர் நம்புகிறார். வெள்ளிக்கிழமைகளில் இன்னமும் விளக்கு ஏற்றப் போவதாகவே சொன்னார்.

போகிற போக்கில் என் கையிலும் நாலு கிழங்கைத் திணித்துவிட்டு, "வீட்டிலே குடுங்க. உங்களுக்கு அக்கா தங்கச்சி உண்டா?" என்று கேட்டார்.

"ஒரு தங்கை இருக்கிறாள் அம்மா."

"அப்ப முதல்லே அவளுக்குக் குடுங்க!"

கொண்டுபோய்க் கொடுத்தேன். "என்ன அண்ணா, திடீரென்று?" என்று அவள் ஆச்சரியப்பட்டாள். வேக வைத்து இருவருமாகத் தின்றோம். உப்பு ஒரு பிடி தூக்கல்தான். நான் வாயைத் திறக்கவில்லை.